முதல் அறையிலேயே ஆளை விரட்டாமல் இருக்க: கேம் ஜாமுக்குப் புதியவர்களுக்கு

கேம் ஜாம் என்றால், குறிப்பிட்ட சில நாளுக்குள் ஒரு கேமைச் செய்து சமர்ப்பிக்கும் நிகழ்வு. என் முதல் ஜாம் கேமில் 11 அறைகள் இருந்தன. 48 மணி நேரத்தில் 11 அறை கட்டியதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்திருந்தது. சமர்ப்பித்த மறுநாள் அக்கா பையன் வீட்டுக்கு வந்தான். லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பி வைத்தேன். முதல் அறையில் ஒரே ஒரு முள். தாவினான், செத்தான். மறுபடி தாவினான், மறுபடி செத்தான். மூன்றாவது முறை என்னைத் திரும்பிப் பார்த்து, "நான் அதைத் தொடவே இல்ல மாமா" என்றான். ஏழாவது முறை செத்ததும் தண்ணீர் குடிக்கப் போனவன் திரும்பி வரவில்லை. மீதி 10 அறைகளை அவன் இன்றுவரை பார்த்ததில்லை.

அந்த முள்ளை நான் இரண்டு நாளில் 300 தடவையாவது தாண்டியிருப்பேன். கடைசியில் திரையைப் பார்க்காமலே தாண்டினேன். "இது ரொம்ப எளிதாக இருக்கிறதே" என்று தோன்றி, ஞாயிறு மதியம் முள்ளை இன்னும் இரண்டு பிக்சல் கூடுதலாக அகலமாக்கினேன். காலையிலிருந்து குழம்பை ருசி பார்த்துக்கொண்டே இருப்பவருக்கு மத்தியானம் உப்பு உறைக்காது. ஜாமில் நம் கைக்கு நடப்பதும் அதுதான். கேமைக் கட்டியவரின் கையை நம்பி சிரமத்தை அளக்கக் கூடாது. வேறு எதை நம்புவது என்பதைத்தான் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன். தாவி ஓடும் பிளாட்ஃபார்மர் வகையை வைத்தே சொல்கிறேன். புதியவர்களில் பலர் அதில்தான் தொடங்குகிறார்கள், நானும் அப்படித்தான்.

படி 1: யார் விளையாடப் போகிறார்கள் என்று எழுதி வையுங்கள்

லூடம் டேரை எடுத்துக்கொள்வோம். 2002ல் தொடங்கிய ஜாம் அது. தனியாளாகச் செய்தால் 48 மணி நேரம், குழுவாகச் செய்தால் 72 மணி நேரம். கலந்துகொண்டவர்களே ஒருவர் கேமை ஒருவர் விளையாடி மதிப்பெண் போடுவார்கள். ஒட்டுமொத்தம், சுவாரஸ்யம், புதுமை, தீம், கிராஃபிக்ஸ், ஒலி, நகைச்சுவை, மனநிலை என்று எட்டுப் பிரிவுகள். 'எவ்வளவு கடினம்' என்று ஒரு பிரிவு அதில் கிடையாது. கேமைக் கடினமாக்கியதற்காக யாரும் உங்களுக்கு ஒரு நட்சத்திரம் கூடுதலாகத் தரப்போவதில்லை.

விளையாடுகிறவரும் உங்களைப் போலவே இரண்டு ராத்திரி தூங்காதவர். பிரௌசரில் பத்து டேப் திறந்து வைத்திருப்பார். உங்கள் கேமுக்கு அவர் ஐந்து நிமிடம் ஒதுக்கினாலே பெரிது. ஆகவே உங்கள் கேமின் நல்ல விஷயம் எதுவோ, அது முதல் இரண்டு நிமிடத்துக்குள் அவர் கைக்கு வந்துவிட வேண்டும். ஏழாவது அறையில் புவியீர்ப்பு தலைகீழாகிறது என்பதுதான் உங்கள் பெரிய ஐடியா என்றால், அதை இரண்டாவது அறைக்குக் கொண்டுவாருங்கள். ஒரு தாளில் "தூங்காத ஆள், பிரௌசர், ஐந்து நிமிடம்" என்று எழுதி மானிட்டரில் ஒட்டிவிடுங்கள். கொஞ்சம் சின்னப்பிள்ளைத்தனம்தான், ஆனால் இரண்டாம் நாள் ராத்திரி அந்தத் தாளைப் பார்த்தே இரண்டு எதிரிகளை நான் கேமிலிருந்து தூக்கியிருக்கிறேன்.

படி 2: வெறும் அறையில் ஓடிப் பாருங்கள்

முதல் ஆறேழு மணி நேரத்தில் முள்ளும் வேண்டாம், எதிரியும் வேண்டாம். நான்கு சுவர், இரண்டு மேடை, ஆட்டக்காரர் ஓட்டும் ஒரு பாத்திரம். அதை வைத்துக்கொண்டு சும்மா தாவிக்கொண்டே இருங்கள். அந்தச் சும்மா தாவலே கைக்கு இதமாக இல்லையென்றால், மேலே எத்தனை லெவல் அடுக்கினாலும் சுவாரஸ்யம் வராது.

இந்தக் கட்டத்திலேயே ஆட்டக்காரருக்குச் சாதகமாகச் சில சின்னப் பொய்களைக் கோடில், அதாவது நிரலில், எழுதிவிட வேண்டும். இதற்கு நல்ல பாடம் செலஸ்ட். 2018ல் வந்த பெரிய கேம் பலருக்குத் தெரியும். அதன் மூலம், 2015ல் மேடி தோர்சனும் நோயல் பெர்ரியும் பிகோ-8 என்ற, கேம் செய்யும் குட்டி எஞ்சினில் நான்கே நாளில் செய்த சின்ன கேம். பிகோ-8ன் திரை 128க்கு 128 பிக்சல், 16 நிறம், அவ்வளவுதான். அந்த கேமின் கோடை யாரும் திறந்து பார்க்கலாம். ஒரு மாலை உட்கார்ந்து பாருங்கள், நேரம் வீணாகாது.

அதில் பாத்திரத்தின் படம் 8க்கு 8 பிக்சல். அடிபட்டதா என்று கேம் கணக்கிடும், கண்ணுக்குத் தெரியாத அடிபடும் பெட்டியோ 6க்கு 5 தான். தலைமுடியிலும் ஓரத்திலும் முள் பட்டால் எதுவும் ஆகாது. மேடையின் விளிம்பைத் தாண்டிக் கால் காற்றில் போன பிறகும் ஆறு ஃப்ரேம் (திரை ஒரு தடவை மாறும் நேரம் ஒரு ஃப்ரேம்) வரை தாவல் செல்லும். அந்த கேம் நொடிக்கு 30 ஃப்ரேமில் ஓடுவதால் இது ஐந்தில் ஒரு நொடி. இதற்குக் கோயோட் டைம் என்று பெயர். பாறை விளிம்பைத் தாண்டி ஓடியும், கீழே பார்க்கும்வரை விழாமல் நிற்கும் கார்ட்டூன் கோயோட்டை நினைத்து வைத்த பெயர். தரையைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்பே பட்டனை அழுத்திவிட்டாலும் நான்கு ஃப்ரேம் வரை அது நினைவில் வைத்திருந்து, தொட்டதும் தாவ வைக்கும். இதைத்தான் ஜம்ப் பஃபர் என்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது முள்தான். மேல்நோக்கி நிற்கும் முள், நீங்கள் மேலே எழும்பும்போது கொல்வதே இல்லை. கீழே இறங்கும்போது மட்டும்தான் கொல்லும்.

இத்தனைக்கும் செலஸ்டை யாரும் எளிதான கேம் என்று சொல்ல மாட்டார்கள். இந்தச் சலுகைகள் சிரமத்தைக் குறைப்பதில்லை, அநியாயத்தை மட்டும்தான் எடுத்துவிடுகின்றன. "நான் தொடவே இல்ல மாமா" என்று அக்கா பையன் சொன்னபோது அவன் சொன்னதுதான் சரி. என் முள்ளின் படம் முக்கோணம். அடிபடும் பெட்டி முழுச் சதுரம். முக்கோணத்துக்குப் பக்கத்தில் இருந்த வெறும் காற்றில் பட்டுத்தான் அவன் ஏழு முறையும் செத்தான்.

நீங்கள் தொடங்க ஒரு கணக்கு: 60 ஃப்ரேமில் ஓடும் கேம் என்றால் கோயோட் டைம் 6 முதல் 8 ஃப்ரேம், ஜம்ப் பஃபர் 6 ஃப்ரேம். ஆபத்தான எதற்கும் அடிபடும் பெட்டி படத்தைவிடச் சிறியது: 16 பிக்சல் முள்ளுக்கு 8 அல்லது 10. காசு, சாவி போன்ற நல்ல பொருளுக்கு நேர்மாறாகப் படத்தைவிடப் பெரிய பெட்டி. இந்த எண்களையெல்லாம் ஒரே இடத்தில் வேரியபிளாக வையுங்கள். கோடோ என்ற கேம் எஞ்சினில் வேரியபிளுக்கு முன்னால் எக்ஸ்போர்ட் என்று போட்டுவிட்டால் கோடைத் திறக்காமலே பக்கப் பலகையில் மாற்றிக்கொள்ளலாம். ராத்திரி இரண்டு மணிக்கு எந்த ஃபைலில் புவியீர்ப்பை எழுதினோம் என்று தேடுவது பெரிய கொடுமை.

படி 3: தாவலை அளந்து, அதில் பாதியைக் கேளுங்கள்

தாவல் சரியான பிறகு அதை மாற்றாதீர்கள். மாற்றினால் கட்டிய அறை எல்லாம் வீண். இப்போது அதை அளந்துகொள்ளுங்கள். ஓடிவந்து தாவினால் எத்தனை கட்டம் தாண்ட முடிகிறது, எத்தனை கட்டம் உயரம் ஏற முடிகிறது? உதாரணத்துக்கு அகலம் 5 கட்டம், உயரம் 3 கட்டம் என்று வையுங்கள்.

முதல் பாதி அறைகளில் 3 கட்டத்துக்கு மேல் பள்ளம் வேண்டாம். பின் பாதியில் 4 வரை போகலாம். முழு 5 கட்டப் பள்ளம் கேம் முழுக்க ஒரே ஓர் இடத்தில், கடைசி அறையில் வந்தால் போதும். அதற்கும் கீழே முள்ளுக்குப் பதிலாகத் தண்ணீரோ தரையோ இருக்கட்டும். 3 கட்டப் பள்ளத்தைத் தாண்டும்போது உங்களுக்கு அலுப்புத் தட்டும். அலுப்பாக இருந்தால் அளவு சரியாக இருக்கிறது என்று அர்த்தம். உங்களுக்கே விறுவிறுப்பாக இருக்கிற பள்ளம் புதிய ஆளுக்குத் தாண்டவே முடியாத பள்ளம்.

படி 4: சாவை மலிவாக்குங்கள்

செத்த பிறகு மறுபடி கட்டுப்பாடு கைக்கு வர எவ்வளவு நேரம்? ஒரு நொடிக்குள் வர வேண்டும். கேம் ஓவர் திரை, "மீண்டும் முயல்க" பட்டன், இருட்டாகி மெல்ல விடியும் திரை எதுவும் வேண்டாம்.

டெர்ரி கவனா 2012ல் வெளியிட்ட சூப்பர் ஹெக்ஸகனும் ஜாம் ஒன்றுக்காகச் செய்த சின்ன ஹெக்ஸகன் கேமிலிருந்து வளர்ந்ததுதான். அதில் இருப்பதிலேயே எளிதான லெவலுக்கே கடின அளவு 'ஹார்ட்' என்றுதான் போட்டிருக்கும். 60 நொடி தாக்குப்பிடித்தால் ஜெயித்த மாதிரி. புதிதாக ஆடுபவர் சில நொடிகளிலேயே செத்துவிடுவார். ஆனாலும் மணிக்கணக்கில் உட்கார்ந்து ஆடுகிறார்கள். செத்தவுடன் ஒரு பட்டனைத் தட்டினால் அடுத்த ஆட்டம் தொடங்கிவிடும். எதனால் செத்தோம் என்பது திரையிலேயே தெரியும். இழந்ததும் சில நொடி ஆட்டம்தான். உங்கள் கேம் கடினமாகத்தான் இருக்கும் என்று பிடிவாதமாக இருந்தால், இந்த மூன்றையும் முதலில் செய்து முடியுங்கள். நீண்ட லெவல் வைத்துவிட்டு, கடைசியில் செத்தால் ஆரம்பத்திலிருந்து ஓட விடுவது கடினம் ஆகாது. அது வேலை வாங்குவது.

படி 5: முதல் அறையைக் கடைசியில் கட்டுங்கள்

பலரும் முதல் அறையில் தொடங்கி வரிசையாகக் கட்டுகிறோம். கட்டக் கட்ட நம் கை தேறுகிறது, அறைகள் கடினமாகிக்கொண்டே போகின்றன, முதல் அறை மட்டும் நமக்கே தாவத் தெரியாத நேரத்தில் கட்டியதாக அப்படியே நிற்கிறது. நடுவிலிருந்து தொடங்குங்கள். உங்கள் ஐடியா நன்றாகத் தெரியும் அறையை முதலில், அதைவிடக் கஷ்டமான ஒன்றை அடுத்து. எல்லாம் முடிந்தபின், செத்துப்போகவே முடியாத ஓர் அறையைக் கட்டி முன்னால் வையுங்கள்.

புதிதாக ஒரு பொருளைக் கொண்டுவரும்போது மூன்று தடவை காட்ட வேண்டும். முதல் தடவை ஆபத்து இல்லாத இடத்தில். இடிந்து விழும் மேடை என்றால், கீழே வெறும் தரை இருக்கும் இடத்தில் அது இடியட்டும். விழுந்தவர் சிரித்துவிட்டு எழுந்து நடப்பார். இரண்டாம் தடவை கீழே முள். மூன்றாம் தடவை ஏற்கெனவே பழகிய வேறொன்றோடு சேர்த்து. இப்படி இரண்டே பொருளை வைத்து ஆறேழு அறை கட்டிவிடலாம். ஐந்து நிமிட கேமுக்கு அது போதும். நான் முதலில் 11 அறையில் ஒன்பது பொருள் வைத்திருந்தேன், ஒன்றையும் யாரும் கற்றுக்கொள்ளவில்லை.

இன்னொன்று: அறைக்கு அறை கஷ்டம் ஏறிக்கொண்டே போக வேண்டிய அவசியமில்லை. கடினமான ஓர் அறைக்கு அடுத்து, சும்மா ஓடிப்போகும் அறை ஒன்று இருக்கட்டும். முன் அறையில் பட்ட பாட்டின் பலனை அங்கேதான் அவர் அனுபவிப்பார்.

படி 6: அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு வாயை மூடுங்கள்

இருப்பதிலேயே முக்கியமான படி இது. எல்லோரும் தவிர்க்கிற படியும் இதுதான், ஏனென்றால் வலிக்கும். முதல் நாள் முடிவதற்குள் ஒருவராவது உங்கள் கேமைத் தொட்டிருக்க வேண்டும். தம்பி, தங்கை, ரூம்மேட், யாரானாலும் சரி. கேம் ஆடிப் பழகாத ஒருவர் கிடைத்தால் இன்னும் நல்லது.

அவர் பின்னால் உட்காருங்கள். கையைக் கட்டிக்கொள்ளுங்கள். "எக்ஸ் அழுத்து", "இல்ல இல்ல, அந்தப் பக்கம்" என்று வாய் வரும். வரக்கூடாது. ஜாமில் ரேட்டிங் போடுகிறவர் பின்னால் போய் நீங்கள் நிற்க முடியாது. ஒரு தாளில் அறை எண்களை எழுதி, ஒவ்வொரு சாவுக்கும் ஒரு கோடு போடுங்கள். கூடவே அவர் முகத்தையும் பாருங்கள். செத்ததும் சிரித்தால், "அய்யோ" என்று நிமிர்ந்து உட்கார்ந்தால், அந்த அறையில் எத்தனை கோடு விழுந்தாலும் கவலையில்லை. பெருமூச்சு விட்டால், கை கீபோர்டை விட்டு எழுந்தால், இரண்டே கோடு என்றாலும் அந்த அறை கோளாறு. எண்ணிக்கை மட்டும் போதாது என்று சொல்வது இதற்குத்தான்.

முடிந்ததும் "எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள். "நல்லா இருக்கு" என்பார்கள். நம் ஊரில் சாப்பாட்டுக்கும் அதையேதான் சொல்வார்கள். "எந்த இடத்துல விட்டுடலாம்னு தோணுச்சு?" என்று கேளுங்கள். வாட்ஸ்அப்பில் நண்பர்களுக்கு லிங்க் அனுப்பினாலும் இதே கேள்விதான்.

சரி, ராத்திரி மூன்று மணி, வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள், என்ன செய்வது? கையை மாற்றி ஆடுங்கள். வலது கையில் ஓடி இடது கையில் தாவுகிறவர் அதைத் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள். அல்லது லெவலைக் கண்ணாடியில் தெரிவது போல் இடவலமாகத் திருப்பி ஓடிப் பாருங்கள். பழகிய கை திடீரென்று தடுமாறும். அப்படி ஆடும்போது ஓர் அறையில் மூன்று தடவைக்கு மேல் செத்தால், அதில் ஒரு முள்ளை எடுத்துவிடுவேன். இது என் சொந்தக் கணக்கு, விதி ஒன்றும் இல்லை. நிஜமான ஆள் கிடைக்கும்வரை தாக்குப்பிடிக்க உதவும்.

படி 7: ஒப்புக்குச் சப்பாணிக்கு ஓர் இடம்

தெருவில் ஓடிப்பிடித்து விளையாடும்போது சின்னத் தங்கை ஒருத்தி "நானும் வரேன்" என்று நிற்பாள். அவளை விரட்டுவதில்லை. ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வோம். அவளைத் தொட்டாலும் அவுட் இல்லை. ஆட்டம் கெட்டுப்போவதும் இல்லை, அவளுக்கும் சந்தோஷம். செலஸ்டின் அசிஸ்ட் மோட் செய்வதும் கிட்டத்தட்ட இதுதான். கேமின் வேகத்தைப் பாதிவரை குறைக்கலாம், வேண்டுமானால் அடியே படாமலும் ஆடலாம்.

ஜாமில் இதைச் சுருக்கமாகச் செய்யலாம். ஓர் அறையில் ஐந்து தடவை செத்தால் ஓரத்தில் "N அழுத்தினால் அடுத்த அறை" என்று சின்னதாக ஒரு வரி வரட்டும். பத்து வரிக் கோடு. கூடவே மெனுவில் 'மெதுவான ஓட்டம்' என்று ஒரு பட்டன். கோடோவில் எஞ்சினின் டைம் ஸ்கேலை 0.8 ஆக்கினால் முடிந்தது. பாட்டின் வேகம் அதனால் குறையாது. 'சுலபம்' என்று பெயர் வைக்காதீர்கள், தன்மானம் உள்ளவர்கள் அதை அழுத்தவே மாட்டார்கள்.

படி 8: கஷ்டம் கேட்கிறவருக்கு ஒரு காசு

இவ்வளவு குறைத்தால் கை தேர்ந்தவர்களுக்குச் சப்பென்று போய்விடாதா? போகும். அவர்களுக்காக வழியில் கஷ்டத்தை வைக்க வேண்டாம், வழிக்குப் பக்கத்தில் வையுங்கள். கதவுக்குப் போகும் பாதை எளிது. மேலே, இரண்டு முள்ளுக்கு நடுவே ஒரு காசு. எடுத்தால் எடுக்கலாம், எடுக்காவிட்டாலும் கதவு திறக்கும்.

அடுத்த ஜாமில் அப்படித்தான் செய்தேன். நேரம் இல்லாததால் எத்தனை காசு எடுத்தோம் என்று காட்டும் எண்கூட வைக்கவில்லை. எடுத்தால் ஒரு 'டிங்' சத்தம், அவ்வளவுதான். அக்கா பையன் நான்காவது அறையில் கதவு வரைக்கும் போய்விட்டு, காசுக்காகத் திரும்பி வந்தான். இருபது நிமிடம் அதிலேயே கிடந்தான். சாப்பிடக் கூப்பிட்ட அக்காவுக்குப் பதிலே சொல்லவில்லை.

அந்த 'டிங்' சத்தத்தைச் சும்மா நினைக்காதீர்கள். தரையில் இறங்கும்போது ஒரு தூசுப் புகை, காசுக்கு ஒரு சத்தம், சாவுக்கு ஒரு சின்னத் திரை அதிர்வு, இவற்றுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். அதிர்வை நிறுத்தவும் ஒரு பட்டன் வையுங்கள், சிலருக்குத் தலை சுற்றும்.

புதிர் கேம் செய்கிறவர்களுக்கு

உங்களுக்கு முள் இல்லை, சாவு இல்லை. உங்கள் பிரச்சினை ஆள் மாட்டிக்கொண்டு நிற்பது. பாபா இஸ் யூ 2017ன் நார்டிக் கேம் ஜாமில் பிறந்து, அங்கேயே வென்ற கேம். அதில் ஒரு பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தால் செய்த நகர்வெல்லாம் ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் போகும். புதிர் கேமில் இந்த அன்டூதான் கோயோட் டைம். அதைக் கடைசியில் சேர்ப்பது நரக வேதனை, முதல் நாளே எழுதிவிடுங்கள். ஒரு புதிரில் மாட்டினால் வேறொன்றுக்குப் போக முடிகிற மாதிரி, எப்போதும் இரண்டு மூன்று லெவல் திறந்திருக்கட்டும். விடை தெரிந்த ஆள் புதிரைச் சோதிக்கவே முடியாது என்பதால், படி 6 உங்களுக்கு இரட்டிப்பு முக்கியம்.

கடைசி மூன்று மணி நேரம்

இனி சிரமத்தைத் தொடாதீர்கள். கடைசி நேரத்தில் "கொஞ்சம் கூட்டலாமா" என்று கை அரிக்கும். என் இரண்டு பிக்சல் முள் அப்படி வந்ததுதான். பிரௌசரில் ஓடும் வெப் பில்ட் எடுத்து ஏற்றி, வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து ஆரம்பத்திலிருந்து முடிவுவரை ஒரு தடவை ஆடுங்கள். உங்கள் மெஷினில் வெண்ணெயாக ஓடியது அங்கே இழுத்தால், ஆறு ஃப்ரேம் சலுகையும் போதாமல் போகலாம். எந்தெந்த பட்டன் என்று கேமுக்குள்ளேயே, முதல் அறையின் சுவரிலேயே எழுதுங்கள். பக்கத்தின் விவரக்குறிப்பை யாரும் படிப்பதில்லை. தாவலுக்கு ஒரே பட்டன் என்று இல்லாமல் ஸ்பேஸ், இசட், மேல் அம்புக்குறி மூன்றும் வேலை செய்யட்டும்.

அப்புறம் தூங்குங்கள். எழுந்ததும் மற்றவர்கள் கேமை ஆடத் தொடங்குங்கள். லூடம் டேரில் 20 ரேட்டிங்காவது கிடைத்தால்தான் உங்கள் கேமுக்கு மதிப்பெண் முடிவு வரும். அடுத்தவர் கேமுக்கு நீங்கள் ரேட்டிங் போட்டால்தான் அவர்களும் உங்கள் பக்கம் வருவார்கள். கமெண்டில் 'சூப்பர்' என்று மட்டும் போட்டுவிட்டு நகராதீர்கள். எந்த அறையில் விட்டீர்கள், எத்தனையாவது சாவில் விட்டீர்கள் என்று எழுதுங்கள்.